பெரட்டுக்கு எழுந்தவர்

முதலில் கழன்றது செருப்பு. ஒரு நாள் காலையில் என் கணவர் ஜீப்பை எடுக்கக் கிளம்பிப் போனார். கொஞ்ச தூரம் போனபின் பார்க்கிறேன், வலது கால் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. மழையில் ஊறிய பாதையில் வெறுங்காலை வைத்து நடக்கிறார், மனுஷனுக்குத் தெரியவே இல்லை. செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "புது மாப்பிள்ளைக்கு நெனப்பு எங்க கெடக்கு?" என்று கேலி செய்தேன். அவர் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்திருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் திடீரென்று மரத்துப்போவது, வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) வருவதற்கு முன் இப்படித்தான் வாசலில் வந்து நிற்கும். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச நேரம் தராது.

மதியத்துக்குள் பெருமாள்மலை ஜீப் ஸ்டாண்டிலேயே விழுந்துவிட்டார். அவர் ஓட்டிய ஜீப்பிலேயே அவரைப் படுக்கவைத்து இன்னொரு டிரைவர் மலை இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் மடியில் இங்கும் அங்கும் உருண்டது. தாண்டிக்குடிக்கு ஆளும் காப்பி மூட்டையுமாக ஏற்றிப் போன மனிதர், தானே ஒரு மூட்டையாகக் கீழே போனார்.

மதுரையில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"மூளையில இடது பக்கம் அடைப்பு. அதான் வலது கை, கால் விழுந்துருச்சு. பேச்சுக்கான எடமும் அங்கதான் இருக்கு. இத அஃபேசியான்னு சொல்வோம்."

அஃபேசியா (பேச்சிழப்பு: சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், அதற்கான சொல் மட்டும் வராது).

"நாம பேசுறது அவுகளுக்குப் புரியுங்களா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் புரியும். நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"பால்வாடி டீச்சருங்க."

"நல்லதாப் போச்சு டீச்சரம்மா. பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்ற மாதிரி பொறுமையாச் சொல்லிக் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா வரும்."

அவருடைய பேச்சைத் திருப்பிக் கொண்டுவரப் போவது நான்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எத்தனை பிள்ளைகளுக்கு நான் முதல் பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு ஆளுக்கு முடியாதா? பிற்பாடு நான் பட்ட பொறாமைக்கெல்லாம் அந்த முடிவுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் பால்வாடிப் படங்களை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "இது என்ன? யானை. சொல்லுங்க, யானை." அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காட்டு யானையை நேரிலேயே பார்த்து ஜீப்பைப் பின்னால் எடுத்தவரிடம் படத்து யானையைக் காட்டினால் வேறு என்ன செய்வார்?

இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. படுக்கைப் புண் (ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் தோல் நசுங்கிப் புண்ணாவது) வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். புரட்டிப் புரட்டி என் இடுப்பு விட்டுப்போனது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு விடிகாலையில் அவர் வாயிலிருந்து முதல் சொல் வந்தது.

"பெரட்டு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் பக்கம் புரட்டு என்பதைப் பெரட்டு என்றுதான் சொல்வோம். ஓடிப்போய் அவரை இடது பக்கம் புரட்டினேன். "பெரட்டு" என்றார் மறுபடியும். வலது பக்கம் புரட்டினேன். "பெரட்டு, பெரட்டு" என்று நல்ல கையால் கட்டிலை அடித்தார். மறுநாளும் விடிவதற்கு முன்னால் அதே சொல், அதே அடி. தினமும் இதுதான்.

"இதுக்கு மேல எந்தப் பக்கம் பெரட்டுறது? மனுசனுக்குப் பக்கம் ரெண்டுதானே இருக்கு!" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. வலியில் அழுகிறார் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனிட்டா வந்தாள். கொடைக்கானல் டவுன் பெண். சுடிதார், கண்ணாடி, தோளில் ஒரு பை. கல்லூரியில் படிப்பதாகவும், வாரத்தில் சில நாள் வீடுகளுக்குப் போய்ப் பழக வேண்டும் என்றும், சுகாதார நிலையத்து நர்ஸ் எங்கள் வீட்டைச் சொன்னதாகவும் சொன்னாள்.

"என்ன படிப்பும்மா?"

"முதுமையியல் ஆன்ட்டி. வயசாகுறதப் பத்தி ஒரு டிகிரி."

"கெழடு கட்டைகளப் பத்திப் படிக்க ஒரு டிகிரியா?"

"கெழடு ஆகாம யாரு ஆன்ட்டி தப்பிப்பாங்க?" என்று சிரித்தாள்.

பதில் நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

சர்க்கரை போடாமல் டீ கொடுத்தேன். "எப்பிடி ஆன்ட்டி தெரியும்? நான் சுகர் போட மாட்டேன்" என்று ரசித்துக் குடித்தாள். அதிலும் எனக்குத் தோல்விதான்.

டீ குடித்துக்கொண்டே படிப்பைப் பற்றிச் சொன்னாள். ஒரு நாள் டாக்டர் வந்து மூளையைப் பற்றி நடத்துவாராம். இன்னொரு நாள் வக்கீல் வந்து உயில், பராமரிப்பு, சொத்து என்று சொல்வாராம். கட்டடம் கட்டுகிற இன்ஜினியர் ஒருவர் வாசற்படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கக்கூஸில் கைப்பிடி எங்கே வைக்க வேண்டும் என்று வரைந்து காட்டுவாராம். சாப்பாட்டுக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர், சரித்திரத்துக்கு ஒருவர். நான் பத்தாவதோடு நின்றவள். நான் வளர்ந்த பூம்பாறையில் பூண்டு பிடுங்குகிற பருவம் வந்தால் பள்ளிக்கூடம் தானாகவே நின்றுவிடும், ஒரு வருடம் அது நிரந்தரமாக நின்றது. இத்தனை பேர் வரிசையாக வந்து ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது.

அவள் நாடி பிடித்துப் பார்க்கவில்லை, மருந்துச் சீட்டைக் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அங்கிள், நீங்க பொறந்த ஊரு எது? சின்ன வயசுல எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?" என்று அவரிடம் கேட்டாள். இது என்ன மக்கள்தொகைக் கணக்கா என்று நினைத்தேன். நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, அங்கிளே சொல்லட்டும்."

வாயைத் திறந்தார். "பெரட்டு."

நான் வழக்கம்போலப் புரட்ட எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் ஆன்ட்டி. அங்கிள், படுக்கையிலயா?" அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். "வெளியிலயா?" ஆமாம் என்று ஆட்டினார். வேகமாக, திரும்பத் திரும்ப ஆட்டினார். அதற்கு மேல் அவளுக்கும் புரியவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தவள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"ஆன்ட்டி, கண்டுபிடிச்சாச்சு! கிளாஸ்ல இந்த வார்த்தையச் சொன்னேன். பிசியோதெரபி சார் திருப்பிப் படுக்க வைக்கணும்னுதான் சொன்னாரு. மனநல மேடம், கோபத்தக் காட்டுறாருன்னு சொன்னாங்க. ஹிஸ்டரி சார் மட்டும், அங்கிள் சிலோன்ல இருந்து வந்தவரான்னு கேட்டாரு."

என் கணவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு இளவட்ட வயதில் இந்த மலைக்கு வந்தார். ஜீப் முதலாளி பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது. "சிலோன்காரனுக்கா என் பொண்ணு?" என்று என் அப்பா குதித்தது அவர் காதிலும் விழுந்தது. அதனாலோ என்னவோ, தோட்டத்துப் பேச்சு ஒரு சொல்கூட என்னிடம் பேசியதில்லை. எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

சிலோன் தோட்டங்களில் பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களைக் கூட்டி, ஆள் கணக்கெடுத்து, வேலை பிரித்துக் கொடுப்பதாம். விடிவதற்கு முன்னால் தப்புப் பறை அடித்து எழுப்புவார்களாம். பெரட்டுக்குப் போய் நின்றவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. போகாதவன் கணக்கில் இல்லை.

ஜெனி கட்டிலருகே குனிந்து, "அங்கிள், பெரட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நோய் வந்து அத்தனை நாளில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அது அவளைப் பார்த்து மலர்ந்த முகம்.

முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவள் நான். என் புருஷனுடைய ஒரு சொல் ஒரு வகுப்பறை முழுக்கச் சுற்றிவிட்டு, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் வாய் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. அன்று அடுப்படியில் என் கையில் சிக்கிய பாத்திரமெல்லாம் நெளிந்தது.

ஆனால் மறுநாளிலிருந்து விடிகாலையில் அவரைப் புரட்டவில்லை. "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரிங்க" என்று சொல்லி, காலைத் தரையில் தொங்கப்போட்டு உட்கார வைத்தேன். டாக்டர் சொன்ன பயிற்சிகளை நான் சொன்னபோது முகத்தைத் திருப்பியவர், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாசல். வாசலில் உட்கார்ந்து மூடுபனிக்குள் போகிற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டார். உங்கள் வீட்டில் படுத்திருப்பவர் எதற்காக எழுந்திருக்க விரும்புவார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ, அதற்காக அவர் எழ மாட்டார்.

அடுத்த அடி சீக்கிரமே விழுந்தது. ஒரு நாள் அவள் வாசலில் நுழைந்ததும் அவர், "ஜெனி" என்றார்.

தெளிவாக, சிரித்துக்கொண்டு, "ஜெனி".

நோய்க்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் பெயர் அது. அவரைக் குளிப்பாட்டுவது யார், மலஜலம் எடுப்பது யார், கஞ்சி ஊட்டுவது யார்? வாரத்துக்கு நாலு நாள் வந்து முக்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவள் பெயர் முதலில் வருகிறது. ஜெனி கைதட்டினாள். நான் கொல்லைக்குப் போய் அரசாங்கம், கல்லூரி, ஹிஸ்டரி சார் எல்லோரையும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது ஜெனி என் முகத்தைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க இடுப்பு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"என் இடுப்புக்கு என்ன?"

"குனியும்போது கட்டிலப் பிடிச்சுக்கிறீங்க. வாங்க, பிரஷர் பாக்கலாம்."

கூடியிருந்தது. "இந்த வீட்ல பேஷண்ட் ஒருத்தர் இல்ல ஆன்ட்டி, ரெண்டு பேர்" என்றாள். இடுப்பு வலிக்காமல் புரட்டுவதற்கு முழங்காலை எப்படி மடக்க வேண்டும், போர்வையை எப்படிப் பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். வலி குறைந்தது. அவளால் குறைந்தது என்பதுதான் வலித்தது.

அதன்பின் துண்டு துண்டாகச் சில சொற்கள் அவருக்கு வர ஆரம்பித்தன, கூடவே ரகசியமும் ஆரம்பித்தது. மதியம் பால்வாடி முடிந்து வீட்டுக்கு வருவேன். இரண்டு பேரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். என் காலடி கேட்டதும் நின்றுவிடும். அவர் கட்டில் காலைப் பார்ப்பார். அவள் தண்ணீர் கேட்பாள். ஒரு முறை நடந்தால் தற்செயல். அவள் வருகிற நாளெல்லாம் நடந்தால்?

தோட்டத்தில் யாராவது ஒருத்தி இருந்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றியது. கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து பறிக்கிற ஒருத்தி. கப்பல் ஏறும்போது கரையில் நின்றவள். அவளுக்கு மூக்குத்திகூட நானே போட்டுவிட்டேன். மூளையில் அடைப்பு வந்த மனிதனைச் சந்தேகப்படுகிற பொம்பளை இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸுக்குப் போன ஜெனியைப் பாதையில் மறித்தேன்.

"அவுக ஓங்கிட்ட என்ன சொல்லுறாக?"

"அத நான் சொல்லக் கூடாது ஆன்ட்டி."

"எம் புருசன் சொன்னத எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"அங்கிள் என்கிட்ட நம்பிச் சொன்னது. நீங்க அவர்கிட்டயே கேளுங்க."

"இதுவும் படிப்புல சொல்லிக் குடுத்ததா?"

"ஆமா ஆன்ட்டி. இதுக்குன்னு ஒரு பேப்பரே இருக்கு" என்றாள். குரலில் கேலி இல்லை. "கேளுங்க ஆன்ட்டி. கேட்டுட்டு அவசரப்படாம இருங்க. பாதிச் சொல் வரும்போது நீங்க மீதியச் சொல்லிராதீங்க."

பிடிவாதத்தில் சில நாள் கேட்கவில்லை. அப்புறம் ஒரு காலையில், அவரை வாசலில் உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்தியபின், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"அந்தப் பிள்ளகிட்ட ரகசியமா என்ன பேசுறீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாக்கு நுனி வரை வந்த கேள்விகளை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடைக்கானல் பஸ் ஹாரன் அடித்துப் போனது. எதிர் மலையில் பனி விலகி, மறுபடி மூடியது.

"பேரு" என்றார்.

"யாரு பேரு?"

இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"எம் பேரா? எம் பேருக்கு என்ன?"

நெற்றியில் தட்டிக் காட்டினார். "இல்ல. காணோம்." மூச்சு வாங்கினார். "ஜெனிகிட்ட… கேட்டேன். சொல்லல. ஒன்ன… ஒன்னக் கேக்கச் சொல்லுச்சு."

பிறகு, கல்யாணமாகி முப்பது வருடம் கழித்து, என் கணவர் என்னிடம் கேட்டார்.

"ஒம் பேரு என்ன?"

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மதுரை மருத்துவமனையில் சீட்டு எழுதும்போது அவர் பெயரைக் கேட்டார்கள், கூட வந்த டிரைவர்தான் சொன்னார். அவரும் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. "ஏ புள்ள" என்பார், "இந்தா" என்பார். ஊருக்கு நான் டீச்சர், ஜெனிக்கு ஆன்ட்டி. அவர் காதில் என் பெயர் விழ வழியே இல்லை. அவர் என் பெயரைச் சொல்லாமல் இருந்தது எப்போதும்போல இருந்தது, அதனால் அது தொலைந்துபோனது எனக்குத் தெரியவில்லை. என்னையே மறந்துவிட்டதாக நான் நினைத்துவிடுவேன் என்று பயந்து அதை மறைத்திருக்கிறார். நானோ கப்பல் கரையில் நின்ற ஒருத்திக்கு மூக்குத்தி போட்டுக்கொண்டிருந்தேன்.

"வேலுத்தாய்" என்றேன்.

என் உதட்டையே பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட என் பெயரை நான் சொல்லவில்லை, பெரியவர்கள்தான் சொன்னார்கள். அவருக்கு என் பெயரை நானே சொன்னது அன்றைக்குத்தான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"வே… லு…" என்று வந்து நின்றது. மீதியை நான் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தாயி" என்றார்.

அடுத்த முறை வந்த ஜெனியிடம் கேட்டேன். "நீயே சொல்லிருக்கலாமே? எத்தன நாளு அவுகளத் தவிக்க விட்ட?"

"நான் சொல்லிக் குடுத்தா அங்கிள் என்கிட்டத்தான் மொதல்ல சொல்லிப் பாப்பாரு ஆன்ட்டி. உங்களுக்கு அது நல்லா இருக்குமா?"

எனக்கு முகம் சுட்டது. "இதுக்கும் ஒரு பேப்பர் இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி. எங்கம்மாவும் உங்கள மாதிரிதான்."

அந்தப் படிப்பு முடித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள் என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஒரு சொல் காதில் விழுந்தால், அது தன் பாடம் இல்லையென்றாலும் நாலு பேரிடம் கேட்டுப் பார்க்க அவளுக்குத் தெரிகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் படுத்திருப்பவரோடு நின்றிருப்பவரையும் பார்க்கிறாள். பதில் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். கடைசியாகச் சொன்னது எனக்கு இன்னும் வரவில்லை. அதற்காக அவள்மேல் எனக்குள்ள பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

இப்போது அவர் கம்பை ஊன்றி ரோட்டு முனை வரை போய் வருகிறார். வலது கை இன்னும் அவருக்கு முழுதாகத் திரும்பவில்லை. சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொள்கிறார். அதற்குள் உலையே கொதித்துவிடும். முன்பெல்லாம் வெரசா கிளம்புங்க என்று விரட்டியவள், இப்போது எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பித்தானாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் காலை நீண்டுவிட்டது.

பெயர் ஒரே தடவையில் நின்றுவிடவில்லை. தூங்கி எழுந்தால் பல நாள் காணாமல் போய்விடுகிறது. "ஒம் பேரு என்ன?" என்று கேட்கிறார். இப்போது அவர் பயப்படுவதில்லை. நானும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, முன்னால் உட்கார்ந்து, நிதானமாகச் சொல்கிறேன். கேட்காமலே அவராக என் பெயரைச் சொல்லிவிடுகிற நாட்களும் அதிகமாகி வருகின்றன. நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். அப்படிப்பட்ட நாட்களில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது.